ஏழாம் நம்பர் வயலின்

ஜீவிதா: தள்ளி உக்காருண்ணா. ட்ரெயின்ல பொட்டிய எங்க வைக்கிறது?

சாலமன்: பல் டாக்டர்கிட்ட போறேன்னுட்டு வயலினத் தூக்கிக்கிட்டு எங்கடி போய்ட்டு வர?

ஜீவிதா: அது... வில்லுக்கு முடி மாத்தணும். அப்படியே கடைக்கும் போனேன்.

சாலமன்: பல்லு?

ஜீவிதா: டாக்டர் இல்ல. அத விடு. உங்க ஆர்கெஸ்ட்ராவுக்கு இன்னிக்கு ஆள் எடுத்தாங்களாமே?

சாலமன்: ஆமா. நானும் ஒரு ஜட்ஜு.

ஜீவிதா: நீயா? சொல்லவே இல்ல...

சாலமன்: வெளிய சொல்லக் கூடாதுன்னு ஆர்டர். நடுவுல கறுப்புத் திரை. வாசிக்கிறவங்க பேரு, மூஞ்சி எதுவும் தெரியாது. வெறும் நம்பர்தான்.

ஜீவிதா: முடிவாயிடுச்சா?

சாலமன்: உனக்கெதுக்கு? நீதான் அப்ளையே பண்ணலன்னியே.

ஜீவிதா: சும்மா கேட்டேம்ப்பா.

சாலமன்: ஏழாம் நம்பர்.

ஜீவிதா: ஏ... ஏழா?

சாலமன்: இன்னா, முழி பிதுங்குது?

ஜீவிதா: பல்லு வலிக்குது. ஏழு... நல்லா வாசிச்சாங்களா?

சாலமன்: மூக்க உறிஞ்சுனது பிரமாதம். வில்ல வைக்கிறதுக்கு முன்னாடி 'ஸ்ஸ்'னு ஒரு இழுப்பு.

ஜீவிதா: வயலின்காரங்க நெறய பேரு அப்படித்தான்...

சாலமன்: சர்ச் கொயர்ல சின்ன வயசுலேர்ந்து பக்கத்துல உக்காந்து கேட்ட இழுப்பு. எனக்குத் தெரியாதா?

ஜீவிதா: ஐயோ... அப்ப நீதான் எனக்கு மார்க் போட்டியா?

சாலமன்: ஏய், ஏன் அழற? எல்லாரும் பாக்கறாங்க.

ஜீவிதா: பின்ன? அண்ணன் உள்ள இருக்கான், தங்கச்சிக்கு சீட்டு கெடச்சிடுச்சுன்னு பேசுவாங்கன்னுதான் உங்கிட்டகூட மறைச்சேன். ஒவ்வொரு வயலின் கிரேடு எக்ஸாமா எழுதி, முடிச்சூர் கல்யாண மண்டபத்துல பந்தி சத்தத்துக்கு நடுவுல வாசிச்சு... இந்த ஒண்ணாவது நானா வாங்கணும்னு இருந்தேண்ணா. எல்லாம் போச்சு.

சாலமன்: ஒண்ணும் போகல. மூக்குச் சத்தம் கேட்டதுமே எழுந்துட்டேன். 'எனக்குத் தெரிஞ்ச ஆளு, நான் மார்க் போடக் கூடாது'ன்னுட்டு நேரா எதிர்த்த டீக்கடைக்குப் போய்ட்டேன். உன்ன எடுத்தது மத்த மூணு பேரு. நீ யாருன்னே அவங்களுக்குத் தெரியாது.

ஜீவிதா: நெஜமாவா? அப்ப நான் வாசிச்சது?

சாலமன்: ஒரு நோட்டுகூட கேக்கலடி. மூணு பேரும் வெளிய வந்து அப்படிப் புகழறாங்க, நான் டீ கிளாஸோட நிக்கறேன். பேஜாராயிடுச்சு. எழுந்திரு, தாம்பரம் வந்துடுச்சு. வீட்டுக்குப் போனதும் அத எனக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டு.