கெடிலம் கப்பலின் தண்டும் கோணக் கப்பும்

பெயர் தனக்கோடி, தகப்பனார் மாணிக்கவேல், வயது நாற்பத்தாறு, இருப்பிடம் விருத்தாசலம் ஆலடி ரோடு. ‘கெடிலம்’ என்னும் சரக்குக் கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் விடும் வேலை. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. இன்ஜினியர் ஜெயராஜ் மீதான வழக்கில் விருத்தாசலம் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பு 1968ஆம் வருஷம் நான் சொல்வதாவது:

மோதலுக்கு முன்பே ஜெயராஜ் இன்ஜினை நிறுத்திவிட்டதால்தான் கப்பலைத் திருப்ப முடியவில்லை என்று கேப்டன் எழுதிக் கொடுத்ததைப் படித்துச் சொன்னார்கள். அது நிலைத்தால் ஜெயராஜுக்கு லைசென்ஸும் போகும், ஜெயிலும் உண்டு என்றார்கள். ஆனால் கேப்டன் எழுதியபடி நடக்கவில்லை.

கப்பலின் அடியில் ஒரு நீளக் குகை உண்டு. இன்ஜினிலிருந்து பின்னால் தண்ணீரைத் தள்ளும் விசிறி வரைக்கும் ஓர் இரும்புத் தண்டு அதற்குள் படுத்தபடி சுற்றும். பனைமரப் பருமன், கண்ணாடிப் பளபளப்பு. எத்தனை வருஷம் பார்த்தும் உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றத்தான் தோன்றும்.

தண்டைத் தாங்கும் பேரிங் பெட்டி மேல் என் டீக் கப்பு இருக்கும். என் சம்சாரம் ஆராயி வேலை செய்யும் செராமிக் கம்பெனியில் அடி கோணல் என்று கழித்தது. இன்ஜின் ஓடினால் ‘டிக் டிக்’ என்று பேசும்.

“யோவ் தனக்கோடி, ஒன் கப்பும் ஒன்ன மாதிரியே வாய மூடாதாய்யா?” என்பார் ஜெயராஜ்.

“அது ஆராயி மாதிரிங்க சார். அவ இருக்கற வூட்டுல நான் எங்க வாயத் தொறக்கறது?” என்பேன்.

சம்பவத்தன்று காலை மழை மூட்டம். கடலூருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தோம். கப்பு பேசிக்கொண்டிருந்தது. அப்போது இன்னொரு கப்பலின் மூக்கு எங்கள் பின்பக்கத்தில் இடித்தது. நான் விழுந்தேன். அதன் பிறகு எழுந்து பார்த்தால், அவ்வளவு பெரிய இரும்பு சுற்றிக்கொண்டே நாய் வால் போல் ஆடியது. இடி விழுந்தது விசிறியில், வலித்தது கப்பல் முழுக்க. கப்பு தானாக நடந்து போய்ப் பழந்துணிக் குவியலில் விழுந்து காது உடைந்தது. பேரிங்கில் புகை. கப்பலில் நான் வாயை மூடியது அன்றுதான்.

அதன் பிறகு இன்ஜின் ரூமுக்கு ஓடினேன். மேலேயிருந்து முழு வேகம் கேட்டு மணி அடித்தது. ஜெயராஜ் பேச்சுக் குழாயில், “விசிறி வளஞ்சிடுச்சு சார். இன்னும் சுத்துனா தண்டு ஒடிஞ்சிரும், அது போற ஓட்ட வழியா கடலு உள்ள வந்துரும். நிறுத்துறேன்” என்றார். கேப்டன் திட்டியது எனக்கும் கேட்டது. ஜெயராஜ் நிறுத்தினார். அதன் பிறகு கப்பல் மிதந்து போய் மணல் திட்டில் ஏறியது. எல்லாரும் உயிரோடு இறங்கினோம்.

மோதலுக்கு முன்பே இன்ஜின் நின்று, தண்டு வெறும் தண்ணீர் வேகத்தில் சுற்றியிருக்கலாமே என்று கேட்டார்கள். சுற்றும். ஆனால் அப்போது கப்பு ஊமை. இன்ஜின் தள்ளினால்தான் அது பேசும். மோதும் நொடி வரை அது பேசியது, அதனால் இன்ஜின் ஓடியது என்றேன். காது போன அந்தக் கப்பைக் கொண்டுவந்து அய்யா மேசை மேல் வைத்தேன். ஜங்ஷனில் சரக்கு ரயில் வந்தது. மேசை அதிர, கப்பு ‘டிக் டிக்’ என்றது. ரயில் போனதும் அடங்கியது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைத் தூக்கிவிட்டார். மாஜிஸ்திரேட் அய்யா அடுத்த ரயில் எப்போது என்று கேட்டார். அது வரும்வரை எல்லாரும் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது. கப்பும் பேசியது.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். சிரித்துக்கொண்டு சொன்னதும் நிசம்தான், சரியென ஒப்புகிறேன்.

(ஒப்பம்) தனக்கோடி