ரோஸ் கலர் நுரை

நுரை நிற்க வேண்டுமென்றால் பால் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். காய்ச்சி ஆறவைத்த பாலை அப்படியே அடித்தால் மேலே நாலு குமிழி வரும், திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போய்விடும். பாலை ஃப்ரிட்ஜின் உள்மூலையில் தள்ளி வைக்க வேண்டும், அடிக்கப்போகிற டம்ளரையும் கூடவே வைக்க வேண்டும். பாலில் பாதியளவு க்ரீம், கொஞ்சம் சர்க்கரைப் பாகு, ஒரு சிட்டிகை உப்பு. பேட்டரியில் சுற்றும் சின்ன மத்து கடையில் கிடைக்கிறது, அதை முக்கி எடுத்தால் போதும். மெத்தென்று ஏறி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் அடித்தால் வெண்ணெய் திரண்டு எல்லாம் பாழாகிவிடும்.

இதெல்லாம் எதற்கு என்று உங்கள் முகம் கேட்கிறது. எதற்கு என்று போகப் போகத் தெரியும், மேடம். நான் நின்றுகொண்டே பேசுகிறேன், உட்கார்ந்தால் எனக்குக் கால் தரிப்பதில்லை. அந்தக் கதவும் திறந்தே இருக்கட்டும்.

எதிர் அறையில் கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறாரே டிரைவர், அவர் என் வீட்டுக்காரர். ஓட்டும்போது கண் அசந்துவிட்டேன், தப்பு முழுக்க என்மேல்தான் என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது சரியில்லை. அவரை நீங்கள் விட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன், வேறு எதற்காகவும் இல்லை.

அவர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனிதர். தூரத்து ஊருக்குப் போகும் பஸ் அவருடையது. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயும்போது அந்த ஊர். அங்கேயே தங்கி, மறுநாள் திரும்பி வருவார். வந்த நாளாவது வீட்டில் இருப்பாரா என்றால் அதுவும் கிடையாது. செருப்பைக் கழற்றும்போதே அடுத்த டூட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை, அதை இதில் போட்டுக் கலக்காதீர்கள். நான் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தே தேய்ந்தவள், அவ்வளவுதான். தெருமுனையில் எந்த பஸ் திரும்பினாலும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவேன்.

பாதி வழியில் ஒரு ரோட்டோரக் கடையில் பஸ் நிற்கும். அங்கே ஐஸ் காப்பி போட ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான்.

“அடியில கருப்பு காப்பி, நடுவுல ஐஸு, மேல மெத்தை மாதிரி நுரை. கலக்கக் கூடாது, அப்படியே உறிஞ்சணும். உன்னால எல்லாம் அது ஆகாதும்மா” என்பார்.

ஆகாது என்று சொன்னால் சும்மா இருக்கிற ஆளா நான். எத்தனை பால் வீணானது என்று கேட்காதீர்கள். ஒருநாள் சரியாக வந்தது. அவர் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, மீசையெல்லாம் வெள்ளையாகி, டம்ளர் காலியாகும்வரை எழுந்திருக்கவே இல்லை. வெனிலா போட்டிருந்தேன். அடுத்த முறை ஏலக்காய், அதற்கடுத்து உப்புப் போட்ட கேரமல். ஒவ்வொரு வாசனைக்கும் அவர் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்தார். மனிதரை ஓரிடத்தில் நிறுத்திவைக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அத்தனை சந்தோஷம்.

அப்புறம் அவர் சொன்னார்: “இதைப் பாட்டில்ல ஊத்திக் குடேன். வழியில குடிச்சுக்கறேன். மத்தியான வெயில்ல கண்ணு சொக்குது.”

வீட்டில் உட்காரவைக்கப் போட்ட காப்பியைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். நான் என்ன செய்ய முடியும், போட்டுக் கொடுத்தேன். காப்பியும் ஐஸும் ஃப்ளாஸ்கில், நுரை தனியாக ஒரு மூடி போட்ட பாட்டிலில். வழியில் நுரை அமுங்கித்தான் போகும், ஆனால் மூடியை இறுக்கிப் பிடித்து நன்றாகக் குலுக்கினால் திரும்பவும் எழும்பி வரும். அதை நான்தான் கண்டுபிடித்தேன்.

அவருடைய டிப்போவில் ஒரு நடைமுறை உண்டு. டிரைவர் தூங்கி வழிகிறார் என்று கண்டக்டர் எழுதிக் கொடுத்தால், அந்த டிரைவரை அன்றே தூரத்து வண்டியிலிருந்து இறக்கி உள்வேலைக்குப் போட்டுவிடுவார்கள். அப்படி ஒருவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். சாயங்காலம் ஆனால் கையில் காய்கறிப் பையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறாராம். “எப்பப் பாரு வீட்டுலயேதான் இருக்காரு, தொல்லை தாங்கல” என்று அவர் மனைவி என்னிடம் அலுத்துக்கொண்டாள். அதைக் கேட்டுவிட்டு வந்து நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. அப்படிப்பட்ட தொல்லை எனக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

தூக்கத்தை விரட்டுகிற கஃபீனை எடுத்துவிட்ட காப்பித்தூள் என்று ஒன்று விற்கிறது, தூக்கம் வராதவர்கள் வாங்குவது. அதை வாங்கி வழக்கமான தூள் டப்பாவில் கொட்டி வைத்தேன். ருசியில் சின்ன வித்தியாசம் இருக்கிறது. ஆனால் சில்லென்று இருக்கும்போது நாக்கு பாதிதான் வேலை செய்யும், மேலே கேரமல் நுரை வேறு. அவர் கண்டுபிடிக்கவில்லை. கவனியுங்கள், நான் அதில் எதையும் கலக்கவில்லை. இருந்ததை எடுத்தேன், அவ்வளவுதான். அவர் கொட்டாவி விட வேண்டும், கண்டக்டர் பார்க்க வேண்டும், எழுதிக் கொடுக்க வேண்டும். யாருக்கும் ஒரு கீறல் விழாமல் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

கெடுத்தது அந்தக் கண்டக்டர்தான். எல்லோரும் அவனை விசில் என்றுதான் கூப்பிடுவார்கள், ஊதலை எடுக்கவே மாட்டான், வாயாலேயே அடிப்பான். என் வீட்டுக்காரரை அண்ணே என்பான், என்னை அண்ணி என்பான். அவர் கொட்டாவி விட ஆரம்பித்ததும் அவன் என்ன செய்தான் தெரியுமா? டிக்கெட் போட்டு முடித்துவிட்டு முன்னால் போய் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்கப் பேசியிருக்கிறான். பேச்சு தீர்ந்தால் பாட்டு, பாட்டு தீர்ந்தால் முகத்தில் தண்ணீர். ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. நான் இங்கே ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன், இன்றைக்கு இறக்கிவிடுவார்கள், நாளைக்கு இறக்கிவிடுவார்கள் என்று. ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் அவனே வீடு தேடி வந்தான். வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அண்ணனுக்கு இப்பல்லாம் ரொம்பத் தூக்கம் வருது. உடம்புக்கு என்னமோன்னு பயமா இருக்கு. டாக்டர்ட்ட காட்டுங்க. அந்தக் காப்பியவும் கொஞ்சம் கெட்டியாப் போட்டு விடுங்க.”

“எழுதிக் குடுத்துட வேண்டியதுதானே தம்பி? அவரே உள்வேலைக்கு வந்துடுவாரு” என்றேன்.

“என்ன அண்ணி இப்படிச் சொல்லிட்டீங்க. வண்டிய விட்டு இறக்குனா அண்ணன் செத்துப் போயிடுவாரு. நான் இருக்கற வரைக்கும் விடமாட்டேன்.”

அவனுக்கு ஒரு டம்ளர் ஐஸ் காப்பி போட்டுக் கொடுத்தேன். பிரமாதம் அண்ணி என்று சொல்லிக் குடித்துவிட்டுப் போனான். அன்று முழுவதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. பாத்திரங்களை எல்லாம் இறக்கிக் கழுவி, துடைத்து, திரும்ப அடுக்கி, மறுபடியும் இறக்கினேன். அவன் நல்லவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்ததற்கு அவன்தான் காரணம் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஜலதோஷம் பிடித்திருந்தபோது டாக்டர் கொடுத்த டானிக் வீட்டில் இருந்தது. குடித்தால் தூக்கம் தள்ளும். இதைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். படித்தேன். படிக்காமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், எனக்குப் பொய் வராது. செர்ரி வாசனை, நல்ல இனிப்பு. க்ரீமோடு சேர்த்து அடித்தால் நுரை லேசாக நிறம் மாறி வருகிறது, பார்க்க அழகாக இருக்கும்.

“என்னம்மா இன்னைக்கு ரோஸ் கலர்ல இருக்கு?” என்று கேட்டார்.

“செர்ரி. புதுசு” என்றேன்.

“நீ தனியா கடையே போடலாம்” என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனார். கல்யாணமான புதிதில் அப்படித் தட்டுவார். அதற்கப்புறம் ரொம்ப நாளாக மறந்திருந்தார்.

கொஞ்சமாகத்தான் விட்டேன். விசில் இன்னும் சத்தமாகப் பாடியிருக்கிறான், அவ்வளவுதான் நடந்தது. பஸ்ஸும் பத்திரமாகப் போய் வந்தது. பார்த்தீர்களா, அதுவரை ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று காலையில் விசில் போன் செய்தான். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, லீவு போட்டிருக்கிறானாம்.

“அண்ணி, இன்னைக்கு அண்ணன்கூடப் புது ஆளு போறாரு. வேற டிப்போலேருந்து மாத்தலாகி வந்தவரு, யார்கிட்டயும் பேசமாட்டாரு. ரூல்னா ரூலுதான் அவருக்கு. அண்ணன் அசந்தா எழுதிக் குடுத்துருவாரு. பாத்துப் போட்டு விடுங்க.”

சரிப்பா என்று போனை வைத்தேன். நீங்களே நினைத்துப் பாருங்கள். எத்தனை நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்த ஆள், கேட்ட மாதிரியே, அந்த வண்டியில் ஏறப்போகிறார். இதை விட்டால் விசில் திரும்பி வந்துவிடுவான். என் கை பரபரத்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். பாலை இரண்டு தடவை சிந்திவிட்டேன். அன்று டானிக்கைக் கொஞ்சம் என்று விடவில்லை, பாட்டிலில் மிச்சம் இருந்ததையெல்லாம் விட்டேன். நுரை அன்றைக்கு வந்த மாதிரி என்றைக்கும் வந்ததில்லை. அவர் படியில் இறங்கும்போது, “மூடியை இறுக்கிக் குலுக்குங்க” என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

புது கண்டக்டர் கடைசி சீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாராம். முன்னால் வந்து பேச்சுக் கொடுக்க யாரும் இல்லை. ஓரமாக நின்ற ஜல்லி லாரியில் மோதியதில் பஸ்ஸின் இடதுபக்கம் அப்படியே பிய்ந்துவிட்டது. அந்தப் படங்களைத் திருப்பி வையுங்கள், நான் பார்த்துவிட்டேன். பதினொரு பேர் போய்விட்டார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. அந்தப் பள்ளிக்கூடச் சீருடைப் பெண்ணின் படத்தையும் பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது, அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதில் அவர்களைச் சேர்க்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. விசில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பெண் இன்றைக்கு வகுப்பில் இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை வீட்டிலேயே இருந்தார். காலையில் இருந்தார், மத்தியானம் இருந்தார், பொழுது சாய்ந்தும் இருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு அழுவார். “எப்படிம்மா அசந்தேன்? நான் அசர்ற ஆளே இல்லையே” என்று திரும்பத் திரும்ப என்னைத்தான் கேட்பார். நான் முதுகைத் தடவிக் கொடுப்பேன். இனி வண்டியைத் தொடவே மாட்டேன் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நாட்கள் அவைதான். தெருமுனையில் பஸ் திரும்பினால் அவர் உடம்பு தூக்கிப்போடும், நான் ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டேன். சோறு பிசைந்து ஊட்டினேன். டானிக் எதுவும் கொடுக்கவில்லை, அதற்கு இனி அவசியம் இல்லையே.

அப்புறம் நீங்கள் வந்து அவரை ஜீப்பில் ஏற்றினீர்கள். மறுபடியும் நான் ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக ஆகிவிட்டேன். வருஷக்கணக்கில் உள்ளே வைப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். இவ்வளவு பாடுபட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்த மனிதரை நீங்கள் எடுத்துக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம்? அதனால்தான் காலையில் எழுந்ததும் கிளம்பி வந்தேன். அவர் அசரவில்லை. நான்தான் அசரவைத்தேன். தெரிந்தே, பாட்டிலில் போட்டிருந்ததைப் படித்துவிட்டே, விசில் அன்று வரமாட்டான் என்று தெரிந்துகொண்டே செய்தேன். அவருடைய வாக்குமூலத்தைக் கிழித்துப் போடுங்கள், என்னுடையதை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் எழுதியாயிற்றா? கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், சீக்கிரம் போட்டுவிடுகிறேன். அவரை நீங்கள் ஜீப்பிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவீர்கள், நான் நடந்துதான் போக வேண்டும். அவர் வந்து இறங்கும்போது வீட்டில் நான் இருக்க வேண்டாமா?