பட்டியலில் இல்லாத மகள்

— அந்தச் சாயங்காலம் எனக்கு வரிசையா ஞாபகமில்லை, ஆல்பின். கதவைத் தட்டினது முதல்லயா, கரண்ட் போனது முதல்லயான்னு கேட்டா, சத்தியமா தெரியலை.

— பரவால்லக்கா. நினைவிருக்கறதைச் சொல்லு. நிஜமா நடந்த ஒரு வீட்டுச் சோதனையைப் பத்தித்தான் கட்டுரை எழுதணுமாம்.

— என்னமோ படிப்புன்னியே?

— ஹோம்லேண்ட் செக்யூரிட்டி. உள்நாட்டுப் பாதுகாப்பு. இங்க அமெரிக்காவுல கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் சொல்லிக் குடுக்கறாங்க.

— இங்க பர்மாவுல, எங்க பசுந்தாங்ல வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுக்கறாங்க.

— கிண்டல் வேணாம். யார் யார் வந்தாங்க?

— புது வார்டு தலைவர், நம்ம தெருவாளுங்களை அறியாதவர். கூட சிப்பாய்ங்க. வெளியாள் யாராவது தங்கியிருக்காங்களான்னு பார்க்கணும்னாங்க. ஒரு ராத்திரி தங்கினாலும் வார்டு ஆபீஸ்ல பதியணுமே.

— அப்பாவுக்கா சொல்லணும்? த்வாண்டே ஊர்லருந்து அத்தை வந்தா, பையைக் கீழே வைக்கறதுக்குள்ள ஆபீசுக்கு இழுத்துட்டு ஓடுவாரே.

— அதே அப்பாதான். அன்னிக்கு உள்ளே அஸ்மா இருந்தா.

— கீழ்வீட்டு அய்யூப் மாமா மகளா?

— அவதான். கட்டாயமா பட்டாளத்துல சேரச்சொல்லி அவளைக் கூப்பிட்டுட்டாங்க. வீட்டுலதான் முதல்ல தேடுவாங்கன்னு மாமா மேலே அனுப்பிட்டார். அப்பா பதியவே இல்லை.

— நம்ம அப்பாவா?

— நானும் அப்படித்தான் பார்த்தேன். ஒருத்தன் அவ முகத்துல டார்ச்சை அடிச்சு யாருன்னு கேட்டான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா, 'என் மகள்'னுட்டார். குடும்பப் பட்டியல்ல ஒரே மகள்தானே இருக்குன்னார் தலைவர்.

— அதுக்கு?

— 'அப்ப பட்டியல் தப்பு'ன்னார்.



— தலைவர் என்ன பண்ணினார்?

— அவ தலையில முக்காடு. பின்னால சுவத்துல மாதா படம். தலைவர் ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டம் தெரியுமா பெரியவரேன்னு கேட்டார். விருந்தாளியைத்தானே பதியணும், மகளை எதுக்குப் பதியணும்னார் அப்பா. வாசலை விட்டு நகரவே இல்லைடா.

— விட்டுட்டாங்களா?

— நாளைக்கு அவ அடையாள அட்டையைக் காட்டணும்னுட்டுப் போனாங்க. விடிஞ்சதும் அவளைக் கியாக்தான் ஊருக்குப் போற பஸ்ல ஏத்திட்டேன். அங்கிருந்து தாய்லாந்து எல்லைக்குக் கூட்டிப் போக ஆள் இருந்தது.

— நீங்களும் அப்பவே கிளம்பியிருக்கணும்.

— சொன்னேன். 'நான் ஓடினா அவ என் மகள் இல்லைன்னு ஆயிடும்'னார்.

— பிடிவாதம். சரி, கட்டுரையில எல்லார் பேரையும் மாத்திடறேன். இந்தப் போனைக்கூட யாராவது கேட்டுட்டிருப்பாங்க.

— கேட்கட்டும். அஸ்மா தாய்லாந்து பக்கம் போய்ச் சேர்ந்துட்டா. அந்தச் சேதி வரணும்னுதான் இத்தனை நாள் உன்கிட்டகூட வாயைத் திறக்கலை. அவ பேரை மாத்திக்கோ. அய்யூப் மாமா கடையைச் சாத்திட்டு, தினம் சோத்தைக் கட்டிக்கிட்டு போலீஸ் ஸ்டேஷன் ஒண்ணு விடாம அலையறார். நான் பசுந்தாங்லயேதான் இருக்கேன். அப்பா பேரை மட்டும் மாத்தாதே. மறுநாள் அவங்க வந்து அஸ்மாவோட அப்பா யாருன்னு கேட்டப்ப, 'சிங்கராயர், நான்தான்'னு சொல்லிட்டு அவரே போய் அவங்க வண்டியில ஏறினார்.