வாடகைக்காரர் கட்டம்

— …சொல்ல வந்ததைச் சொல்லிருங்க அண்ணாச்சி. காலையில இருந்து மூணு தடவை மாடி ஏறிட்டிய. மூணு தடவையும் தண்ணி டேங்கைப் பாத்துட்டு இறங்கிட்டிய.

— டேங்கு நல்லாத்தான் இருக்கு டீச்சர்.

— அது எனக்கும் தெரியுது. வேற?

— சுவத்துல ஆணி எதும்…

— அடிக்கல. பதினோரு வருசமா உங்க மாடியில வாடகைக்கு இருக்கேன். வந்த அன்னைக்கே அட்டையில எழுதித் தந்தியளே… ஆணி அடிக்கக் கூடாது, மொட்டைமாடியில கருவாடு காயப்போடக் கூடாது, ஹார்பர்ல இருந்து நிலக்கரித் தூசி பறந்து வந்தா குடியிருக்கவங்கதான் கூட்டணும்…

— அடிங்க டீச்சர். எத்தனை ஆணி வேணும்னாலும் அடிங்க.

— …காய்ச்சல் எதும் அடிக்கா அண்ணாச்சி?

— கருவாடும் போடுங்க. நெத்திலி, சாளை, எது வேணும்னாலும்.

— உங்களுக்கு என்னமோ ஆயிட்டு. உக்காருங்க, மோர் தாரேன்.

— மோரெல்லாம் வேண்டாம். நீங்க சிரிக்கமாட்டேன்னா ஒண்ணு கேக்கேன்.

— எட்டாங்கிளாஸ் பயலுவளுக்குக் கணக்கு எடுக்கேன் அண்ணாச்சி. சிரிப்பே மறந்துபோச்சு. கேளுங்க.

— வாடகைக்கு இருக்கது… எப்படி?

— எப்படின்னா?

— வீட்டுக்காரன் வந்தா எந்திரிச்சு நிக்கணுமா? சும்மா தலையை ஆட்டினாப் போதுமா?

— பாதி எந்திரிச்சாப் போதும். உங்களுக்கு எதுக்கு அது?

— என் லாரி ரெண்டும் ஹார்பர்ல லோடு இல்லாம கிடந்துச்சுல்லா, அப்பமே வீட்டு லோன் தவணை நின்னுட்டு. வாற வெள்ளிக்கிழமை பேங்குல ஏலம் விட்டுருவாவ.

— சரி, மேல சொல்லுங்க.

— ஆனா அரசாங்கத்துல ஒரு திட்டம் இருக்கு டீச்சர். அவிய வீட்டை வாங்கி பேங்குக்கு அடைச்சிருவாவ. நாம அதே வீட்டுல அவியளுக்கு வாடகை குடுத்துட்டு இருந்துக்கிடலாம். எழுதிப் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, ஆர்டரைக் காணோம். இன்னைக்கு புதன்.

— பயமா இருக்கா?

— இருக்காதா பின்ன? நான் நின்னு கட்டின வீடு டீச்சர், ஒவ்வொரு செங்கலும் என் கையால தண்ணி குடிச்சது. சொந்தக்காரன்ங்கிற பேரு போனாப் போட்டும். வாடகைக்காரனாவாது இங்கனயே கிடந்துரணும்.

— அந்த ஃபாரத்துல என்ன எழுதினிய?

— எல்லாம் சரியாத்தான் எழுதினேன். வீட்டு உரிமையாளர், பொன்னுதுரை…

— வாடகைக்காரர் கட்டத்துல?

— ஞானசௌந்தரின்னு உங்க பேரை…

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

— …மாசாமாசம் ரசீதுல எழுதி எழுதி, கை தானா எழுதிட்டே. டீச்சர், வாடகைக்காரன்னு என் பேரை எங்கயுமே போடலியே.

— போடல.

— அப்ப ஆர்டர்…

— போன வாரமே வந்துட்டு. கீழயும் மாடியும் சேத்து, முழு வீடும் என் பேருக்கு வாடகைக்கு.

— முழு வீடுமா?

— அண்ணாச்சி, உங்க முகத்தைப் பாத்துட்டு சிரிக்காம இருக்க முடியல. மன்னிச்சிருங்க.

— சிரிங்க, சிரிங்க. எனக்கே சிரிப்பு வருது. என் வீட்டை நானே எழுதிக் குடுத்திருக்கேன். டீச்சர்… கீழ ஒரு ரூமு மட்டும் எனக்கு விடுவியளா?

— விடுதேன். ஆணி அடிக்கக் கூடாது.

— தொடவே மாட்டேன்.

— கருவாடு?

— வாசனைகூட வராது.

— நிலக்கரித் தூசி?

— காலையிலயும் சாயங்காலமும் கூட்டுதேன். உங்க மாடியையும் சேத்துக் கூட்டுதேன்.

— போதும், அழுதுராதிய. எந்திரிச்சு அந்தக் காலண்டரைக் கழட்டுங்க.

— இது பசை போட்டு ஒட்டினதுல்லா? அப்படித்தானே சொன்னிய… டீச்சர், இங்கன ஆணி இருக்கு. ஒண்ணு, ரெண்டு… ஏழு ஆணி இருக்கு.

— பதினோரு வருசத்துக்கு ஏழு ஒண்ணும் அதிகமில்ல. கடைசி ஆணியில ஒரு கவர் தொங்குது பாருங்க. பிரிச்சு வாசிங்க.

— "திருத்திய ஆணை. மேல்தளம், வாடகைக்காரர் ஞானசௌந்தரி. கீழ்த்தளம், வாடகைக்காரர்… பொன்னுதுரை." டீச்சர்… இது எப்ப வந்துச்சு? ஏன் சொல்லல?

— நேத்துத்தான் கைக்கு வந்துச்சு. நீங்களா வாயைத் தொறக்கட்டும்னு பாத்தேன், நீங்க டேங்கையே பாத்துட்டு இருந்திய. மூணு நாள் லீவு போட்டு அந்த ஆபீசுல உக்காந்தேன் அண்ணாச்சி. "முழு வீடும் கிடைக்கு, ஏம்மா வேண்டாங்கிய?"ன்னு கேட்டாரு ஆபீசர். காலையில அஞ்சு மணிக்கு மோட்டாரைப் போட்டுட்டு "தண்ணி வருது டீச்சர்"னு சத்தம் குடுக்க கீழ ஒரு மனுசன் இருக்காரு, அவரு இல்லாத வீடு எனக்கு எதுக்குன்னுட்டேன்.