டிசம்பர் வரை பொறு

எங்கள் அடுக்குமாடியில் யார் எதை வாங்கினாலும் பார்சல் முதலில் என் வீட்டுக்குத்தான் வரும். ஆயர் ஈத்தாமில் காலை விடிந்தால் எல்லாரும் வேலைக்கு ஓடிவிடுவார்கள். நான் ஒருத்திதான் வீட்டில் இருப்பேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லிவிடுவேன். அதற்காக வம்புக்காரி என்பார்கள். சொல்லட்டும். உங்கள் மாமியார் சுங்கை பாக்காப்பில் புது வீடு வாங்கியதுகூட எனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர் தம்பி. நான் ஏதாவது கேட்டேனா?

எதை எப்போது வாங்குவது என்பதில் எங்கள் மாடியில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தேதியும் மாதமும் ஒரே எண்ணாக வரும் நாள்களில் இணையக் கடைகள் விலையைக் குறைக்கும். முன்கூட்டியே ஏற்றிவிட்டுத்தான் குறைக்கும். இதையெல்லாம் உட்கார்ந்து கவனிக்க ஓர் ஆள் வேண்டாமா? எதிர்வீட்டு லைலா சலவை இயந்திரம் வாங்கியது என்னைக் கேட்டுத்தான். பார்சல் திருடு போகிறது என்று போன நவம்பரில் வாசலுக்குக் கேமரா வாங்கியதும் என்னைக் கேட்டுத்தான்.

பக்கத்து வீட்டுக் கோகிலனும் கேட்டான். படுத்த படுக்கையாய் இருந்த அம்மாவுக்காக வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். கணினி விளையாட்டு ஒன்றுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டுமாம்.

"ஆன்ட்டி, இப்ப வாங்கிடவா, இல்ல பொறுக்கவா?"

"புது மாடல் வருதுன்னு பேசிக்கிறாங்க. பழசு வெல எறங்கும் லா. டிசம்பர் வரைக்கும் பொறு."

அவனுக்காக வீடியோ எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். தீபாவளிக்கு முன்பே பெட்டி என் வீட்டில் வந்து இறங்கியது. தூக்கியதுமே தெரிந்துவிட்டது. அவன் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவன் அம்மா புஷ்பவள்ளி அக்காவின் ஆக்சிஜன் இயந்திரமும் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தது. நுரையீரல் பழுது. அது இல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும். பொருத்த வந்தவர் பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார். கரண்ட் போனால் இப்படிக் கத்தும், உடனே பக்கத்திலிருக்கும் சிலிண்டரைத் திருகிவிட வேண்டும் என்றார். எனக்கும் திருகக் கற்றுக்கொடுத்தார். இயந்திரம் கோழிக்குஞ்சு மாதிரி கத்தியது. "முட்ட போடுமான்னு கேளு தம்பி" என்றேன். அக்கா மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். நல்ல மனுஷி.

டிசம்பர் வந்தது. விலை இறங்கவில்லை. மெமரி சிப்புக்குத் தட்டுப்பாடாம், ஏறிக்கொண்டே போனது. மின்தூக்கியில் ஆள் நிறைய இருந்தபோது லைலா ஆரம்பித்தாள்.

"நல்ல வேள கோகிலா, ருக்குக்கா பேச்ச நீ கேக்கல. கேட்டிருந்தா இன்னும் பொறுத்துக்கிட்டே இருந்திருப்ப!"

எல்லாரும் சிரித்தார்கள். கோகிலனும் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. அந்த வாரமே பிரிட்ஜ் எப்போது வாங்கலாம் என்று லைலா அவன் வாசலில் நின்று கேட்டாள். என் வீட்டைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும்.

எங்கள் மின்பெட்டிகள் நடைபாதையில் வரிசையாக இருக்கின்றன. பூட்டு கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் விளையாட்டின் துப்பாக்கிச் சத்தம் கேட்டால், வெளியே வந்து அவன் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு உள்ளே போய்விடுவேன். கோகிலன் சிலிண்டரைத் திறந்துவிட்டு ஓடி வருவான்.

"ட்ரிப் ஆயிருச்சி போல, ஆன்ட்டி."

"பெரிய கார்டு, கரண்ட இழுக்குது. பழைய பிளாட்டு தாங்குமா? பொறுன்னு அப்பவே சொன்னேன்."

அவன் வீட்டில் இருக்கும்போது மட்டும்தான் செய்தேன். நான் என்ன ராட்சசியா?

அப்புறம் வயர்மேனைக் கூட்டி வந்தான். ஜன்னல் ஓரம் நின்று கேட்டேன்.

"கார்டு மேல தப்பு இல்ல தம்பி. இது தானா ட்ரிப் ஆகல. யாரோ எறக்குறாங்க."

"யாருண்ணே எறக்கப் போறா? இங்க எல்லாரும் நல்லவங்க."

நல்லவன்தான். ஆனாலும் அன்றிலிருந்து மின்பெட்டியை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. விளையாட ஆள் இல்லாத வீட்டில் யார் வேலை மெனக்கெட்டுச் சுவிட்சை இறக்குவார்கள்? அவன் வெளியே போயிருக்கும்போது ஒருமுறை நடந்துவிட்டால், கார்டுதான் என்று அவனே முடிவுக்கு வந்துவிடுவான்.

அந்தச் சனிக்கிழமை சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"பாசார் வரைக்கும் போய்ட்டு வரேன், ஆன்ட்டி. கேம் ஒன்னு எறங்கிக்கிட்டிருக்கு, கம்ப்யூட்டர் ஓடட்டும். அம்மாவ மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க."

அவன் மின்தூக்கியில் ஏறியதும் சுவிட்சை இறக்கினேன். உடனே போய்ச் சிலிண்டரைத் திருகிவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தாய் என்று புஷ்பவள்ளி அக்கா கேட்டால்? அவரும் விவரமானவர்தான். மகனிடம் சொல்லிவிட்டால்? எதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்தேன்.

சுவர் வழியாகச் சத்தம் கேட்டது. ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன். கரண்ட் இல்லாத வீட்டில் எந்த விளையாட்டு கத்தும் என்று கேட்காதீர்கள். கோழிக்குஞ்சின் சத்தம் எனக்குத் தெரியும். தொலைக்காட்சியைக் கூட்டி வைத்தேன். நடுவில் சுவரில் இரண்டு தட்டு. பிறகு தட்டவில்லை. சாவி என் மடியிலேயே இருந்தது.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு கோகிலன் அந்தக் கார்டைக் கழற்றிக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தான்.

"நீங்க சொன்னதுதான் சரி, ஆன்ட்டி. நான் பொறுத்திருக்கணும். எங்கம்மாவ நானே கொன்னுட்டேன்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முதல் பாதியை அவன் எல்லார் முன்னாலும் சொன்னான். லைலாவும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். சுவிட்சை இறக்கியது நான்தான். லைலா வீட்டுக் கேமராவில் இருக்கும் கையும் என்னுடையதுதான். மோதிரம்கூடத் தெரிகிறதாமே? பாதி விலைக்கு வாங்கியது, தம்பி. என் பேச்சைக் கேட்டவர்கள் யாரும் இதுவரை கெட்டுப்போனதில்லை.