கட்டி முடித்த பாக்கி

— விடுக்கா, கட்டித் தொலைச்சிடலாம். பாதி நான் தரேன்.

— எதுக்குடா கட்டணும்? கட்டினதையே மறுபடியும் கட்டறதுக்கு நான் என்ன பைத்தியமா?

— பைத்தியம்னு யார் சொன்னா? குழந்தைங்க காப்பகம் நடத்தறவ நீ. லைசென்ஸ் புதுப்பிக்கணும். அரசாங்கத்துக்கு பாக்கி வச்சிருந்தா லைசென்ஸ் கிடையாதுன்னு லெட்டர்லயே எழுதியிருக்கான். மாசக் கடைசியில வாசல்ல பூட்டு போட்டான்னா அத்தனை குழந்தைங்களையும் எங்க கொண்டு போய் விடுவ?

— லெட்டரை முழுசாப் படிச்சியா நீ?

— படிச்சேனே.

— படிக்கல. பாக்கின்னு மட்டும் போட்டிருந்தா நான் இவ்வளவு கொதிக்க மாட்டேன். "உண்மையை மறைத்துப் பெற்ற தொகை"ன்னு போட்டிருக்கான். நான் மறைச்சேனாம்! அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோன நாள்லேருந்து அவங்க கண்ணை மூடற வரைக்கும் குளிப்பாட்டினது யாரு? ஊட்டினது யாரு? ராத்திரியில புரட்டிப் படுக்க வச்சது யாரு?

— நீதான்க்கா.

— அதுக்குத்தானே பராமரிப்புத் தொகைன்னு மாசாமாசம் எனக்குக் குடுத்தான். கூடவே காலையில கொஞ்ச நேரம் நர்சரி ஸ்கூலுக்கு வேலைக்குப் போனேன். வேலைக்குப் போனா தொகை குறையும்னு எவன் என்கிட்ட சொன்னான்? ஒருநாள் திடீர்னு, கூடுதலாக் குடுத்துட்டோம், திருப்பிக் கட்டுன்னான். கட்டினேனா இல்லையா?

— கட்டின.

— வளையலை வித்துக் கட்டினேன். கடைசித் தவணை கட்டிட்டு இதே ஆபீஸ் ஹால்ல உக்காந்து அழுதேன். நிம்மதியில.

— அம்மா போயே ஒன்பது வருஷம் ஆச்சு. பழசையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறணும்? பணத்தை வீசிட்டு வீட்டுக்குப் போவோம்க்கா.

— நானா கிளறறேன்? அவன்தான் லெட்டர் போட்டுக் கிளறறான். நம்ம நம்பர் வந்துடுச்சா பாரு.

— இப்பதான் இருபத்தெட்டு போச்சு. சீட்ல ஆள் இல்லாமலே அடுத்து நம்ம முப்பத்தொண்ணு எரியுது.

— நடுவுல இருந்தவங்க எங்க?

— தெரியலையே.

— காத்திருந்தே வயசாகிப் போயிருப்பாங்க.

— மெதுவாப் பேசுக்கா. "ஊழியர்களிடம் குரலை உயர்த்தாதீர்கள்"னு போர்டு வச்சிருக்கான்.

— "ஊழியர்கள் இருக்கையில் இருப்பார்கள்"னு எங்கயாவது போர்டு இருக்கான்னும் சேத்துப் பாரு.

— முப்பத்தொண்ணு! யாருங்க முப்பத்தொண்ணு?

— நாங்கதான் சார்.

— வாங்க மேடம், உக்காருங்க. இவர் யாரு?

— என் தம்பி சார். லிஃப்ட் மெக்கானிக்.

— தம்பி நின்னுக்கட்டும். நடைமுறைப்படி ஒரு டோக்கனுக்கு ஒரு நாற்காலிதான்.

— பரவாயில்ல சார், நின்னே பழக்கம். சார், வேற ஒண்ணும் இல்ல, அந்தப் பாக்கியைக் கட்டிடலாம்னுதான் வந்தோம்.

— நீ வாயை மூடு. சார், இந்தப் பாக்கியை நான் அப்பவே கட்டிட்டேன்.

— அப்படியா, ரொம்ப சந்தோஷம். ரசீது இருக்கா?

— இந்தாங்க, மொத்தக் கட்டும்.

— இதெல்லாம் வெறும் வெள்ளைப் பேப்பரா இருக்கே மேடம்.

— உங்க மெஷின் கக்கின பேப்பர்தான் சார். பீரோவுல பத்திரமா வச்சிருந்தேன். எழுத்து மட்டும் பறந்து போச்சு.

— எழுத்து இல்லாததை நடைமுறைப்படி ரசீதுன்னு எடுத்துக்க முடியாது. வேணும்னா பேப்பர்னு எடுத்துக்கலாம்.

— அப்ப உங்க கணக்கைப் பாருங்க. நான் கட்டினது அதுல இருக்குமில்ல?

— அதாவது மேடம், ஏழு வருஷத்துக்கு மேல ஆன வரவை எல்லாம் அழிச்சிடுவோம். இடம் போதாது பாருங்க.

— வரவை அழிச்சுட்டீங்க. அப்ப நான் பாக்கி வச்சிருக்கேன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

— பாக்கியை அழிக்க மாட்டோம் மேடம். அது அரசாங்கச் சொத்து.

— கட்டினது குப்பை, கட்டாதது சொத்து.

— நான் அப்படிச் சொல்லல. நடைமுறை அப்படிச் சொல்லுது.

— அந்த நடைமுறைங்கறவர் எந்த ரூம்ல உக்காந்திருக்கார் சார்? அவர்கிட்டயே பேசிக்கறேன்.

— கிண்டல் பண்றீங்க.

— கிண்டல் இல்ல சார், வயித்தெரிச்சல். என்னைத் திருடின்னு எழுதியிருக்கீங்க.

— திருடின்னு எங்க எழுதியிருக்கு? "உண்மையை மறைத்து"ங்கறது அச்சடிச்ச வாசகம். எல்லாருக்கும் அதேதான் போகும். எங்க மேனேஜருக்கே போன மாசம் அந்த லெட்டர் வந்துச்சு.

— அவர் என்ன பண்ணார்?

— கட்டிட்டார்.

— பாத்தியாக்கா! மேனேஜரே கட்டிட்டாராம்!

— அவரும் பாக்கி வச்சிருந்தாரா சார்?

— இல்ல. ஆனா ஆட்சேபணை மனு குடுத்தா அது விசாரணைக்கு அவர்கிட்டதான் வரும். அவர்கிட்ட ஏற்கெனவே மனு மலையாக் குவிஞ்சு கிடக்கு.

— சார், நான் சொல்றதைக் கேளுங்க. நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கறதா இல்ல. சாயந்திரம் ஆபீசைப் பூட்டும்போது என்னையும் உள்ள வச்சே பூட்டிட்டுப் போங்க.

— அக்கா, எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க.

— பாக்கட்டும்டா. அவங்க கையிலயும் இதே லெட்டர்தான் இருக்கு.

— சரி மேடம், கோபப்படாதீங்க. சாயந்திரம் பூட்டறதும் நான்தான், எனக்குத்தான் தலைவலி. ஒரு வழி இருக்கு. சில சமயம் பணம் வேற யார் கணக்குலயாவது போய் உக்காந்திருக்கும். யாரைப் பராமரிச்சதுக்குத் தொகை வாங்கினீங்க?

— எங்கம்மாவை.

— அவங்க நம்பர் இருக்கா?

— தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எத்தனை ஃபார்ம்ல எழுதியிருக்கேன்! இந்தாங்க, எழுதியே தரேன்.

— சார், அதெல்லாம் எதுக்கு சார்? வேண்டாம் சார். முழுப் பணத்தையும் நானே கட்டிடறேன். கையோட கொண்டு வந்திருக்கேன்.

— என்னடா ஆச்சு உனக்கு? பாதின்னவன் இப்ப முழுசுங்கற? இப்படி வேர்த்துக் கொட்டுது. ஃபேனுக்குக் கீழ போய் நில்லு.

— அட! இதோ இருக்கு பாருங்க மேடம்!

— என்ன சார்?

— முதல் தவணை... ரெண்டாவது... கடைசி வரைக்கும் வரிசையா இருக்கு. உங்க நம்பர்ல வரவு வைக்கறதுக்குப் பதிலா அம்மா நம்பர்ல வச்சுட்டாங்க. எங்காளு எவனோ அரைத்தூக்கத்துல பண்ணின வேலை.

— பாத்தியாடா! சொன்னேனா இல்லையா! நான் கட்டியிருக்கேன் சார்! நான் கட்டியிருக்கேன்!

— கட்டியிருக்கீங்க மேடம். ஒத்துக்கறேன். கண்ணைத் துடைச்சுக்குங்க.

— ஆமா, ஏழு வருஷம் தாண்டினா அழிச்சிடுவோம்னீங்களே. இது எப்படிப் பொழைச்சுது?

— அது மூடின கணக்குக்கு. அம்மா கணக்கு நடப்புல இருக்கில்ல? நடப்புல இருக்கறதுல கை வைக்க மாட்டோம்.

— நடப்புல இருக்குன்னா?

— அதாவது, அவங்களுக்கு நோயாளி உதவித்தொகை மாசாமாசம் போயிட்டிருக்கே. போன செவ்வாய்க்கிழமை கூட ஏ.டி.எம்.ல எடுத்திருக்கீங்க.

— போன செவ்வாய்க்கிழமையா?

— ஆமா. ஏன் மேடம், பணம் ஒழுங்கா வரலையா?

— வருது சார்! ஒழுங்கா வருது! அக்காவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, அதை நான்தான் பாத்துக்கறேன்.

— நல்லதாப் போச்சு. ஒரு நிமிஷம் இருங்க, மேனேஜர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன். டீ வந்தா என் டம்ளரை மூடி வைக்கச் சொல்லுங்க.

— டேய். என் மூஞ்சியைப் பாரு.

— அக்கா...

— அம்மாவோட கார்டு உன்கிட்டயா இருக்கு?

— ம்.

— அம்மாவைத் தூக்கிட்டுப் போன நாலு பேர்ல முன்னாடி நடந்தவன் நீ. போன செவ்வாய்க்கிழமை அவங்க பேர்ல பணம் எடுத்தவனும் நீயா?

— மெதுவாக்கா, கையெடுத்துக் கும்புடறேன். நான் ஒழுங்காத்தான் வந்தேன். அம்மா போன மறுவாரமே டெத் சர்டிஃபிகேட்டை எடுத்துக்கிட்டு இதே ஆபீசுக்கு வந்தேன். உதவித்தொகையை நிறுத்தற ஃபார்ம்ல வாங்கறவங்க கையெழுத்து இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. வாங்கறவங்கதான் சார் செத்துட்டாங்கன்னு சொன்னேன்.

— என்ன சொன்னான்?

— அதை அவங்களே நேர்ல வந்து சொல்லணும்னான்.

— சிரிப்பு மூட்டாதடா. உன் கன்னத்துல அறையணும்னு நினைச்சிட்டிருக்கேன்.

— சத்தியமாக்கா. ரெண்டாவது தடவையும் வந்தேன். அதுக்குள்ள எங்க கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. வீட்டுக்காரன் கதவைத் தட்டறான். கார்டு டிராயர்ல கிடந்துச்சு. ஒரே ஒரு மாசம்னுதான் எடுத்தேன்.

— ஒரே ஒரு மாசம்.

— அடுத்த மாசமும் வந்துச்சு.

— வேலை கிடைச்சப்புறம்?

— பழகிப் போச்சுக்கா.

— பழகிப் போச்சு! கைதவறி வந்த காசுக்கு நான் வளையலை வித்தேன்டா. நீ, இல்லாத அம்மாவுக்கு மருந்து வாங்கற காசைத் தின்னுட்டு, என்கிட்ட வந்து பாதி தரேங்கற.

— தெரிஞ்சா உள்ள தள்ளிடுவாங்கக்கா. என் பொண்ணு இந்த வருஷம்தான் காலேஜ் சேர்ந்திருக்கா. உன்னை அத்தை அத்தைன்னு...

— அவளை இதுல இழுக்காத. வர்றார், மூஞ்சியைத் துடை.

— நல்ல சேதி மேடம்! மேனேஜர் ஒத்துக்கிட்டார். அம்மா கணக்குல தப்பாப் போன பணத்தை உங்க கணக்குக்கு மாத்திட்டா பாக்கி பூஜ்யம். லைசென்சுக்கு ஒரு தடையும் இல்ல. அந்த வாசகத்துக்கு வருத்தம் தெரிவிச்சு உங்களுக்கு லெட்டரே போடச் சொல்லிட்டார். இந்த ஆபீஸ்ல இது வரைக்கும் ஒருத்தருக்கும் அப்படி லெட்டர் போனதில்ல.

— அப்படியா சார்.

— என்ன மேடம், இவ்வளவு நேரம் சண்டை போட்டீங்க, இப்ப வெறும் அப்படியாங்கறீங்க? நியாயமாப் பாத்தா நீங்க குதிக்கணும். ஒரே ஒரு நடைமுறைதான் பாக்கி. அம்மா கணக்குலேருந்து எடுக்கறதால அவங்க கையெழுத்து வேணும்.

— அவங்களால வர முடியாது சார்.

— தெரியும் மேடம், படுக்கையில இருக்கறவங்கன்னு ஃபைல்லயே போட்டிருக்கு. அதுக்கும் சொல்லிட்டேன். சாயந்திரம் ஆபீஸ் வண்டியிலயே நான் உங்க வீட்டுக்கு வந்துடறேன். இந்த சீட்ல உக்காந்து ஒருத்தருக்கு நல்லது பண்ண இன்னைக்குத்தான் வாய்ச்சிருக்கு, விடுவேனா? ரெண்டு நிமிஷ வேலை. அம்மா இப்ப எப்படி இருக்காங்க?

— தூங்கறாங்க சார். எழுப்ப வேண்டாம். அந்தப் பாக்கியை நானே கட்டிடறேன், எந்தக் கவுண்டர்னு மட்டும் சொல்லுங்க.