எண்பது கஜக் காடு

நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள், தம்பி. என் குரல் மெல்லியது. நீ கேட்டதையெல்லாம் ஒரு கதை மாதிரியே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ள உனக்கும் சுலபமாக இருக்கும். முதலில் அந்தக் காப்பியைக் குடி, ஆறிவிடப் போகிறது.

எங்கள் சாலையில் எல்லா வீட்டுக்கும் பின்னால் காடு உண்டு. யாருக்கும் பெரிய காடு கிடையாது. என்னுடையது நான்கு ஏக்கர், நாடா மாதிரி நீளமாகக் கிடக்கும். அகலம் எண்பது கஜம்தான். என் வீட்டுக்காரர் வால்ட் போனபிறகு அவருடைய வில்லை நான் எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய கை, பழகிவிட்டது. அக்டோபர் பிறந்தால் விடிவதற்குள் ஓக் மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். அந்த ஒரு மாதத்துக்காகத்தான் மற்ற பதினொரு மாதமும் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன்.

நுரையீரலில் அம்பு வாங்கிய மான் நூறு கஜமாவது ஓடும். கிழக்கே சாலை, அந்தப் பக்கம் போகாது. மேற்கேதான் ஓடும். ஆகவே நான் அடிக்கும் மான் எப்போதும் மேற்கு வீட்டுக்காரர் நிலத்தில்தான் விழும். அவர் அனுமதி இல்லாமல் அங்கே நான் கால் வைக்க மாட்டேன். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

அந்த வீட்டை மூன்று வருடம் முன்னால் கிரெய்க் விட்கோம்ப் வாங்கினார். பிலடெல்ஃபியாவில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள், சுத்தமான மனிதர். வந்த வாரமே வால்நட் ரொட்டிச் சுருள் சுட்டு எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"மேடம், உங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. என் புல்வெளியில ரத்தம் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

"அப்போ மான்கிட்ட சொல்லிடட்டுமா, வேற பக்கம் ஓடுன்னு?"

"சொல்லித்தான் பாருங்களேன்" என்று சிரித்தார். ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

போன வருடம் ஓர் எட்டுக் கொம்பன், கொம்பில் எட்டுக் கிளை உள்ள ஆண் மான். வேலிக்கு அந்தப் பக்கம் பதினோரு அடியில் விழுந்தது. எண்ணிப் பார்த்தேன். கதவைத் தட்டினேன், முடியாது என்றார். அந்த வாரம் வெயில் வேறு. வேலிக்கு இந்தப் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு மூன்று நாள் அதற்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். காக்கை வந்தால் ஓக் கொட்டையை எறிந்து விரட்டுவேன். நான்காம் நாள் நகராட்சி வண்டி வந்து அள்ளிப் போனது. ஒரு குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டிருக்கலாம், தம்பி. நான் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அடுத்த வாரமும் ரொட்டிச் சுருள் கொண்டுபோனேன். மொத்தம் பதினொரு தடவை.

இந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம். காலை ஏழு மணி, நான் மரத்தில். மேற்கே சருகு அரைபட்டது. வேலியைத் தாண்டி என் காட்டுக்குள் வந்தது கிரெய்க். என்னிடம் கேட்கவில்லை. இதைக் கொஞ்சம் கவனித்து எழுதிக்கொள்.

மான் என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். நல்ல பையன், ஆனால் பொய் எனக்கு வராது. கிரெய்க் ஆரஞ்சுத் தொப்பி போட்டிருந்தார். "லோர்னா, மேலயா இருக்கீங்க?" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மானுக்கு இரண்டும் கிடையாது என்று எனக்குத் தெரியும். பதினைந்து கஜ தூரம், அசையாமல் நின்றார், காற்று இல்லை. நெஞ்சுக்கு நேரே ஒரு தட்டைப் பிடித்திருந்தார், நான் ரொட்டி கொண்டுபோன தட்டு. அதனால் அம்பு கொஞ்சம் கீழே போக வேண்டியிருந்தது.

மேற்கேதான் ஓடினார்.

இறங்கி அம்பைப் பார்த்தேன். கருஞ்சிவப்பு. ஈரல். நுரையீரல் என்றால் அரை மணி நேரம் பொறுத்தால் போதும். ஈரலுக்கு நான்கு மணி நேரம். உடனே பின்னால் போனால் அடிபட்டது பயந்து இன்னும் தூரம் ஓடும், அதுதான் கொடுமை. தட்டு சருகில் கிடந்தது, ஒரு கீறல் இல்லை, கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு காகிதம். அவர் கையெழுத்து: "லோர்னா டுபின்ஸ்கி தான் எய்தது எதுவானாலும் என் நிலத்தில் நுழைந்து எடுத்துக்கொள்ளச் சம்மதம்."

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் மேற்கேயிருந்து சத்தம் வந்தது. வீட்டுக்குப் போய் பார்லி சூப்பை அடுப்பில் ஏற்றினேன்.

பதினொரு மணிக்குத் தடம் பிடித்தேன். காகிதம் பையில் இருந்ததால் தைரியமாக அவர் நிலத்துக்குள் போனேன். புல்வெளியில் சிந்தியிருந்ததை அவருடைய தோட்டக் குழாயாலேயே கழுவிவிட்டேன். அவருக்கு அது பிடிக்காது. ஆனால் தடம் அங்கே நிற்கவில்லை. தன் வீட்டு வாசலையும் தாண்டி அடுத்த நிலத்துக்குள் போயிருந்தார். அது ஆர்லோ பெட்ராக்கின் இடம், விறகு அடுக்குக்குப் பின்னால் கிடப்பது எல்லையிலிருந்தே தெரிந்தது. என் காகிதத்தில் ஆர்லோ பெயர் இல்லை. திரும்பிச் சாலை வழியாகப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தார்.

"ஆர்லோ, நான் அடிச்சது ஒண்ணு உன் விறகு அடுக்குக்குப் பின்னால கிடக்கு. எடுத்துக்கட்டுமா?"

"இதையெல்லாமா கேப்ப, கிழவி! ஆணா, பொண்ணா?"

"ஆணுதான்."

"எத்தனை கொம்பு?"

"கொம்பு இல்ல."

"அட, குட்டியா?"

"அறுபது இருக்கும்."

எடையைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. கொட்டகையிலிருந்து இழுவைப் பலகையை எடுத்துக்கொண்டு விசில் அடித்தபடியே முன்னால் நடந்தார். விறகு அடுக்கைச் சுற்றிப் போனதும் விசில் நின்றது. பலகையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"லோர்னா... இது கிரெய்க்."

"தெரியும் ஆர்லோ. அதான் கேட்டுட்டு வந்தேன்."

பிறகு அவர் போலீசென்று உங்களைக் கூப்பிட்டார். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன், போட்டுக்கொள். ஒரு தவறு நடந்ததையும் ஒப்புக்கொள்கிறேன்: ஆர்லோ வீட்டுக்கு வெறுங்கையோடு போய்விட்டேன். சூப்பாவது கொண்டு போயிருக்கலாம்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா?

நீயும் மரத்தோடு ஒரு வீடு வாங்கியிருப்பதாக வாசலில் நிற்கும் பெண் சொன்னாள். சந்தோஷம், தம்பி. உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உன் பெண்டாட்டி பிள்ளைகள் ஒரு குளிர்காலமும் பசியறியாமல் இருக்கட்டும். உன் வேலிக்கு அந்தப் பக்கம் எந்நாளும் என்னைப் போல ஒருத்தி குடியிருக்கட்டும்.